வேலையில் ஜெயிப்பவர் நேர்காணலில் தோற்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு சேவை நிறுவனத்தில் 6 ஆண்டுகளாக ஜாவாவில் நிரல் எழுதுகிறீர்கள். வாடிக்கையாளர் ஒரு வங்கி. கடந்த 9 மாதங்களில் 3 பெரிய நிறுவனங்களின் நேர்காணலுக்குப் போய் மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறீர்கள். கடைசி இடத்தில், ஒவ்வொரு கணுவும் அதிகபட்சம் இரண்டு கிளைகளாகப் பிரியும் தரவு அமைப்பான பைனரி மரம் ஒன்றைக் கொடுத்து, அதில் இரண்டு கணுக்களுக்குப் பொதுவான மூதாதையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வழி தெரிந்திருந்தும், பேசிக்கொண்டே எழுத வரவில்லை. வேலையில் ஒரு நாள்கூடத் தேவைப்படாத மரத்தை வைத்து ஆளை எடைபோடுவது நியாயமா, 6 மாதம் உட்கார்ந்து புதிர்களாகப் போட்டுப் பழகுவதா அல்லது இந்த ஆசையையே விட்டுவிடுவதா, தமிழ் வழியில் படித்ததும் ஒரு காரணமா என்று கேட்கிறீர்கள். ஆனால் இவற்றுக்கு நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வங்கியில் இரவில் ஓடும் வட்டிக் கணக்கு வேலை 6 மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்ததை 40 நிமிடமாகக் குறைத்தீர்கள் என்று. அந்த வரியைப் படித்தபோது, நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது வேறு என்று தோன்றியது. நான் நல்ல நிரலாளன்தானா, இல்லை இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேனா? அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 18 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் 5 ஆண்டுகள் உங்களைப் போலவே சேவை நிறுவனத்தில். பிறகு பெங்களூரில், பெரிய நிறுவனம் என்று நீங்கள் சொல்கிற வகையில் ஒன்றில். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதுவரை 300 பேருக்கு மேல் நேர்காணல் செய்திருக்கிறேன். பெரும்பாலும் சர்வர் பக்கத்து நிரல் எழுதுபவர்கள், 2 முதல் 10 ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். கல்லூரி வளாகத் தேர்வு வேறு உலகம். செயற்கை நுண்ணறிவு ஆய்வுப் பணிகளுக்கான நேர்காணலும் அப்படித்தான். அங்கே செல்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். உங்களைக் கேள்வி கேட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 45 நிமிடம். அறிமுகத்துக்கு 5, கடைசியில் உங்கள் சந்தேகங்களுக்கு 5 போக, மிஞ்சுவது 35. அது முடிந்ததும் அவர் ஒரு படிவத்தில் எழுத வேண்டும்: என்ன கேட்டேன், என்ன சொன்னார், எங்கே தடுமாறினார், எடுக்கலாமா வேண்டாமா, ஏன். பெரிய இடங்களில் அவர் ஒருவரே முடிவெடுப்பது அரிது. கூகுளில் இந்தக் குறிப்புகள் ஒரு தேர்வுக் குழுவுக்குப் போகின்றன. குழுவில் இருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். அமேசானில் 'பார் ரெய்சர்' என்று ஒருவர் உண்டு. ஆள் தேவைப்படும் அணிக்கு வெளியிலிருந்து வருபவர் அவர். அவர் வேண்டாம் என்றால் அந்த அணியின் மேலாளரே ஆசைப்பட்டாலும் எடுக்க முடியாது. ஆகவே எதிரே இருப்பவரின் மனதில் நல்ல பெயர் வாங்கினால் மட்டும் போதாது. படிவத்தில் எழுத அவருக்கு நீங்கள் சரக்கு கொடுத்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்தார். கேள்வியைக் கேட்டதும் தலையசைத்தார். 25 நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நிரலை எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சரியான நிரல், குறையே இல்லை. ஆனால் படிவத்தின் முன் உட்கார்ந்தபோது 'விடை சரி' என்பதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. ஏன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார், வேறு வழிகளை எண்ணிப் பார்த்தாரா, ஏற்கெனவே எங்கோ பார்த்து மனப்பாடம் செய்ததா? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அதே வாரம் வந்த இன்னொருவர் நிரலை முடிக்கவே இல்லை. ஆனால் தொடங்குமுன் நான்கு கேள்விகள் கேட்டார். முதலில் தோன்றிய வழி ஏன் மெதுவாக ஓடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஓரிடத்தில் தன் பிழையைத் தானே பிடித்தார். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கலந்தாய்வில் இரண்டாமவருக்காக வாதாட மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவருக்காகப் பேச யாரும் இல்லை, நான் உட்பட. 'மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்' என்று அவரிடம் ஒரு முறை சொன்னேன், அதோடு விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு முறை சொல்லியிருக்கலாம் என்று இன்றும் உறுத்துகிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அவர் முகம்தான்.

நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த முறை நல்லவர்களைத் தவறவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறுவனங்களுக்கும் அது தெரியும். தவறான ஆளை எடுத்துவிட்டால் ஓர் அணியே ஓராண்டு அவதிப்படும். நல்ல ஆள் ஒருவரை இழந்தால் வரிசையில் அடுத்தவர் நிற்கிறார். அதனால் சல்லடைக் கண்ணைச் சிறிதாகவே வைத்திருக்கிறார்கள். மேக் கணினி வைத்திருக்கும் நிரலாளர்களில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ என்ற கருவியைத் தெரியாதவர்கள் குறைவு. அதை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், உங்கள் பொறியாளர்களில் 90 சதவீதம் பேர் என் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பைனரி மரத்தைப் பலகையில் திருப்பிப் போடத் தெரியாததால் என்னை வேண்டாம் என்றுவிட்டீர்கள் என்கிற பொருளில் கூகுளைப் பற்றி 2015இல் டிவிட்டரில் கோபமாக எழுதினார். அந்தப் பதிவு உலகம் சுற்றியது. பிற்பாடு, அந்தப் பதிவு முழுக்க நியாயமானதல்ல என்று அவரே எழுதியதை அதைப் பரப்பியவர்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். மரம் உங்களை மட்டும் வீழ்த்தவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நேர்காணல்கள் ஒருவரின் வேலைத்திறனை எந்த அளவுக்கு முன்கூட்டிக் காட்டும் என்று உளவியலாளர்கள் பல காலமாக அளந்து வருகிறார்கள். 0 என்றால் பூவா தலையா போடுவதற்குச் சமம், 1 என்றால் ஜோசியம் அச்சுப் பிசகாமல் பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணலுக்கு 0.51 கிடைத்தது. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. எத்தனை ஆண்டு அனுபவம் என்பதற்கு வெறும் 0.18. பிறகு சேக்கட் முதலானோர் 2022இல் அந்தக் கணக்கில் இருந்த திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி, ஒழுங்கான நேர்காணலை 0.42க்கும் ஒழுங்கற்றதை 0.19க்கும் இறக்கினார்கள். இதில் நான் உறுதியாக எடுத்துக்கொள்வது, ஒழுங்குபடுத்தினால் நேர்காணல் தேறும், இல்லாவிட்டால் தேறாது என்பதை மட்டும்தான். இவை எல்லா வகைத் தொழில்களையும் சேர்த்துச் செய்த கணக்குகள். பலகையில் நிரல் எழுதவைக்கும் சோதனைக்கு இந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது.

பலகைச் சோதனையைப் பற்றியே ஒரு சிறிய ஆய்வு உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்டது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, எதிரே ஒருவர் நின்று பார்க்க, பேசிக்கொண்டே பலகையில் எழுத வேண்டும். மறுபாதிக்கு அதே கேள்வி, அதே பலகை, ஆனால் தனி அறை. பார்வைக்கு முன் எழுதியவர்களின் தேர்ச்சி, தனியறையில் எழுதியவர்களின் தேர்ச்சியில் பாதிகூட இல்லை. 48 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற 'தெரிந்தும் வரவில்லை' என்ற அனுபவம் கற்பனையில்லை என்று சொல்ல இது போதும். யாரோ பார்க்கும்போது கை நடுங்குவது பழக்கத்தால் குறையக்கூடிய ஒன்று. அதை அறிவுக் குறைவோடு சேர்த்து எண்ணிக் குழம்ப வேண்டாம்.

அப்படியானால் மரத்தையும் பட்டியலையும் ஏன் கேட்கிறார்கள்? பாதி சோம்பல், பாதி காரணம். சோம்பல் என்னவென்றால், எல்லாரும் கேட்கிறார்கள், நாமும் கேட்போம் என்பதுதான். காரணம் என்னவென்றால், உங்கள் வங்கியின் நிரலை அவர் பார்க்க முடியாது, தன் நிறுவனத்தின் நிரலை உங்களுக்குக் காட்டவும் முடியாது. இருவருக்கும் பொதுவாக, 35 நிமிடத்துக்குள் அடங்குகிற மாதிரி ஏதாவது வேண்டும். அப்படிப்பட்ட சின்னக் கேள்விக்குள்ளும் ஆழம் இருக்கும். வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேடும் பைனரி தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியை நடுவில் பிரித்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்க்கிற அதே உத்தி. அது முதன்முதலில் அச்சானது 1946இல் என்றும், பிழையே இல்லாத வடிவம் அச்சானது 1962இல்தான் என்றும் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் குறித்திருக்கிறார். அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. ஜாவாவின் நிலையான நூலகத்தில் இருந்த பைனரி தேடலை எழுதியவர் ஜோஷுவா பிளாக். அந்த நிரலில் ஒரு பிழை சுமார் 9 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததை 2006இல் அவரே அறிவித்தார். தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும்போது, கூட்டுத்தொகை, ஜாவாவின் சாதாரண முழு எண்ணில் அடங்கும் உச்ச அளவான 2,147,483,647ஐத் தாண்டினால் எண் எதிர்மறையாகிவிடும். பட்டியலில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் இது தெரியவரும் என்பதால் அத்தனை நாள் ஒளிந்திருந்தது. நீங்கள் தினமும் எழுதுகிற மொழியிலேயே நடந்த கதை இது. நான் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அந்தப் பிழையைப் பிடிக்கிறார்களா என்று பார்ப்பதில்லை. பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும், தேடும் எண் இரண்டு முறை இருந்தால் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார்களா என்று பார்ப்பேன்.

எந்த வாக்கியங்கள் படிவத்தில் ஏறும் என்பதற்கு உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம். ஒரு நாளின் பரிவர்த்தனைகளில் ஒரே தொகையும் ஒரே கணக்கு எண்ணும் இருமுறை வந்திருந்தால் காட்டு என்று கேள்வி வந்ததாக வைத்துக்கொள்வோம். உடனே விசைப்பலகையில் கை வைக்காதீர்கள். எத்தனை பரிவர்த்தனைகள் என்று கேளுங்கள். ஒரு லட்சம் என்பார். 'ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடு ஆகும். பார்த்தவற்றை, ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடும் ஒரு ஹாஷ் செட்டில் போட்டுக்கொண்டே போனால் ஒரு லட்சம் முறை பார்த்தால் போதும், நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்' என்று சொல்லுங்கள். பிறகு, எல்லாம் ஒரே கணினியின் நினைவகத்தில் அடங்குமா, ஒரே நொடியில் வந்த இரண்டு உண்மையான பரிவர்த்தனைகளை இரட்டிப்பு என்று எண்ணலாமா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் புத்தகம் மட்டும் படித்தவர் கேட்க மாட்டார், வங்கியில் அடி வாங்கியவர்தான் கேட்பார். இவ்வளவுக்கும் 4 நிமிடம்கூட ஆகாது. நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்குள் அவர் தாளில் பாதி நிரம்பியிருக்கும்.

ஆங்கிலம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். என் தாளில் இலக்கணத்துக்கு மதிப்பெண் இல்லை. என்னுடன் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோருக்கும் இல்லை. ஆனால் சரளமாகப் பேசுபவரைத் தெளிவாகச் சிந்திப்பவர் என்று தவறாக எண்ணிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நீங்கள் மாட்டினால் கொஞ்சம் இழப்பீர்கள். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. செய்யக்கூடியது வேறு. நானும் விருதுநகர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன்தான். எனக்கு யோசனை தமிழில் ஓடும், வாய் ஆங்கிலத்தில் பேச வேண்டும், இரண்டுக்கும் நடுவில் கை நின்றுவிடும். நான் கண்டுகொண்ட வழி, முதலில் தமிழிலேயே வாய்விட்டுப் பேசிப் பழகியது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே யாரோ இருப்பதுபோல, 'இப்போது இடதுபக்கம் போகிறேன், ஏனென்றால்...' என்று சொல்லிக்கொண்டே எழுதுவேன். பேசிக்கொண்டே எழுதுவது ஒரு திறமை, ஆங்கிலம் இன்னொரு திறமை. இரண்டையும் ஒரே நாளில் பழக முயல்வதால்தான் இரண்டும் கெடுகின்றன. முதலாவது கைவந்ததும் இரண்டாவதற்கு வேண்டியவை 20, 30 சிறு வாக்கியங்கள்தான். அவை திரும்பத் திரும்ப வருபவை. ஒரு நிமிடம் அமைதியாக யோசிக்க அனுமதி கேட்கும் வாக்கியத்தையும் அவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதை யாரும் குறையாக எழுதியதை நான் பார்த்ததில்லை. யோசிக்கும் வழியைத் திரையிலேயே நான்கு வரிக் குறிப்பாக முதலில் தட்டிவிடுவது இன்னும் நல்லது. வாய் தடுமாறினாலும் எழுத்து அங்கே இருக்கும்.

புதிர்ப் பயிற்சி வேண்டுமா என்றால், வேண்டும். 6 மாதம் வேண்டாம். 500 கணக்கு போட்டேன், 700 போட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். பலர் விடைகளைச் சேகரிக்கிறார்கள், அவ்வளவுதான். மனப்பாடமான விடை எங்களுக்கு எளிதில் தெரிந்துவிடும். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், முழுக் கட்டடமும் சரியும். என் அனுபவத்தில், வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 10 முதல் 12 வாரம், மொத்தம் 100 அல்லது 120 கணக்குகள் போதுமானவை. இது கை மதிப்புதான், ஆய்வு முடிவு அல்ல. ஆனால் ஒவ்வொரு கணக்கையும் 35 நிமிடக் கடிகாரம் வைத்து, வாய்விட்டுச் சொல்லி, தவறினால் மூன்று நாள் கழித்து வெறுந்தாளில் மறுபடி போட வேண்டும். வாரம் ஒரு முறையாவது நண்பர் ஒருவரை எதிரே உட்காரவையுங்கள். நண்பர் கணினித் துறையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வுக்குத்தான் அவர் அங்கே தேவை.

இனி நீங்கள் கேட்காதது. 6 ஆண்டு அனுபவம் உள்ளவரை நிரல் சுற்றை வைத்து மட்டும் நிராகரிப்பதில்லை. ஒரு பெரிய மென்பொருளின் ஒட்டுமொத்த அமைப்பைத் திட்டமிடச் சொல்லும் வடிவமைப்புச் சுற்றும், 'செய்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற சுற்றும் உங்கள் அளவில் அதே எடை கொண்டவை. சேவை நிறுவனங்களிலிருந்து வருகிறவர்கள் அதிகம் இழப்பது இந்த இரண்டாவதில்தான். நானும் முதல் முறை அங்கேதான் தோற்றேன். நமக்கு 'நாங்கள் செய்தோம்' என்று சொல்லித்தான் பழக்கம். 'நான்' என்று சொன்னால் அடக்கமில்லாதவன் என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். 'எங்கள் டீம் அந்த வேலையை விரைவாக்கியது' என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் தாளில் எழுதிக்கொள்வது, 'இவருடைய பங்கு தெளிவில்லை' என்பதுதான். அந்த வட்டிக் கணக்குக் கதையை மூன்று இடங்களில் ஓரிடத்திலாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், என்னிடம்கூட அதைப் பாதி வரியில்தான் சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை கணக்குகள், யார் அவதிப்பட்டார்கள், காலையில் கிளை திறக்கும்போது என்ன ஆகும், எதை அளந்தீர்கள், முதலில் எந்த ஊகம் தப்பாகப் போனது, மேலாளர் ஒப்புக்கொண்டாரா, மாற்றிய பிறகு வட்டி ஒரு பைசாகூட மாறவில்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள். இவற்றைச் சொன்னால் 15 நிமிடம் போகும். அமேசானின் 16 தலைமைக் கொள்கைகளையும் உருப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் செயற்கையாக ஒரு கதை தயாரிக்கிறவர்கள் உண்டு. உண்மையான நான்கைந்து கதைகளை இப்படி விரலிடுக்கில் வைத்திருப்பவர் எந்தக் கொள்கையைக் கேட்டாலும் சமாளிப்பார்.

வடிவமைப்புச் சுற்றைப் பற்றிச் சுருக்கமாக. பெரிய பெயர்களை அடுக்குவதை விட, சின்னக் கணக்கைச் சரியாகப் போடுவது மதிப்பு. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு கோடி வேண்டுகோள் என்று கேள்வியில் வந்தால் மிரள வேண்டாம், நொடிக்குச் சராசரி 116தான். உச்ச நேரத்தில் ஐந்து மடங்கு என்றாலும் 600ஐத் தொடாது. ஒரு நல்ல சர்வரும் ஒழுங்காகக் குறியீடிட்ட தரவுத்தளமும் தாங்கக்கூடிய சுமைதான் அது. அதைச் சொல்லிவிட்டு, 'அப்படியும் இரண்டாவது சர்வர் வைப்பேன், முதலாவது விழுந்தால் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக' என்று சொன்னவர்களுக்கு நான் தயங்காமல் பச்சைக்கொடி காட்டியிருக்கிறேன். தரவுகளைப் பெரிய அளவில் கடத்தும் மென்பொருளான காஃப்காவில் தொடங்கி காஃப்காவில் முடித்தவர்களுக்கு அல்ல.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பதில் சொல்லலாமா என்று இப்போது பலர் யோசிக்கிறார்கள், நீங்கள் கேட்கவில்லை என்பதற்காக மகிழ்ச்சி. கண்கள் ஒரே இடத்தில் இடமிருந்து வலமாக நகர்வது எதிரே இருப்பவருக்குத் தெரியும். இந்தத் தொல்லையால்தான் ஒரு சுற்றையாவது நேரில் வைப்பது நல்லது என்று சுந்தர் பிச்சை 2025இல் பேசினார். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கேன்வா நிறுவனம், நேர்காணலிலேயே அந்தக் கருவிகளை வெளிப்படையாகப் பயன்படுத்துங்கள், எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்க்கிறோம் என்றது. எது நிலைக்கும் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. எந்த நிறுவனமானாலும் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கிடைத்துவிட்டால் கவனிக்க வேண்டியவை சில. 90 நாள் நோட்டீஸ் பீரியடை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் கசப்பு. அனுபவ ஆண்டுகளை ஏற்றிச் சொல்லாதீர்கள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் இருந்தீர்கள் என்பது பதிவாகியிருக்கிறது, பின்னணி சரிபார்ப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சம்பளத்தாளில் பெரிய எண் இருந்தால், அதில் எவ்வளவு மாதச் சம்பளம், எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பாருங்கள். பங்குகள் பெரும்பாலும் 4 ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும். அமேசானில் வெகுகாலமாக முதல் ஆண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15, மீதி 80 கடைசி இரண்டு ஆண்டுகளில் என்று இருந்தது. கைக்கு வரும் நாளின் விலை உங்கள் சம்பள வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படும். அமெரிக்கப் பங்கு என்றால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலிலும் காட்ட வேண்டும், இதை மறந்து பிறகு தணிக்கையாளரிடம் ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்வதற்காக இணைவுத் தொகை கொடுத்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நீங்கள் நல்ல நிரலாளரா என்பதை உங்கள் கேள்வியை மட்டும் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது. 45 நிமிடம் பார்த்தவர்களும் சொல்லிவிடவில்லை, 35 நிமிடத்தில் எழுத முடிந்ததைத்தான் எழுதினார்கள். நான் இப்போது இருக்கும் நிறுவனமே என்னை இரண்டு முறை வேண்டாம் என்றது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் 14 மாதங்கள். அதற்குள் நான் புதிதாக ஒரு மொழியோ கருவியோ கற்றுவிடவில்லை, வாயைத் திறக்கக் கற்றேன். பல நிறுவனங்கள் நிராகரித்தவரை 6 மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் பார்க்கின்றன. எவ்வளவு காலம் என்று ஆளெடுப்பவரிடமே மின்னஞ்சலில் கேட்கலாம், தப்பில்லை. பெரிய நிறுவனம் கிடைக்காமலே நல்ல வேலை செய்து நிம்மதியாக இருப்பவர்களும் என் வகுப்பில் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். ஆசையை விடுவதா வேண்டாமா என்பதை இன்னும் 12 வாரம் கழித்து முடிவு செய்யுங்கள், மூன்றாவது நிராகரிப்பின் மறுவாரத்தில் செய்ய வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். அந்த வட்டிக் கணக்கு வேலையில் 6 மணி நேரம் எங்கே போய்க்கொண்டிருந்தது? லூப்புக்குள் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது என்பது என் ஊகம். தவறாக இருந்தால் திருத்தி எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.